ஈரம் தொடங்கிய இடம்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலையில் வந்த அந்தப் பெண், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க அண்ணன் செத்தது என் வீட்டுக்காரர் கையாலயான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்," என்றாள்.

அவள் கேட்டது, விபத்தில் சிக்கிய வண்டிகளை ஆராய்ந்தே தலை நரைத்துப்போன ஒரு மனிதரிடம். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் அவர் 'சர்வேயர்'தான். பக்கத்தில் அவருடைய மைத்துனர் இருந்தார். எதிராளி பேசி முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிற ஆசாமி. அதனால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

அவள் கணவர் மெக்கானிக். அண்ணன் மலைப்பாதையில் போவதற்கு முந்தின நாள், அவருடைய காருக்கு இஞ்சின் ஆயிலும் அதை வடிகட்டும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்தது அவர்தான். பாதி ஏற்றத்தில் ஆயில் முழுக்க ஒழுகி, இஞ்சின் இறுகி, வளைவில் கார் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்கு நிறுத்த இடம் இல்லை.

"எங்கப்பா இவரை வாசப்படி ஏற விடல. 'ஃபில்டரெல்லாம் கல்லு மாதிரி இறுக்கமாத்தான் இருக்கு, அடி நட்டுலதான் கோட்டை விட்டிருக்கான் பாவி'ன்னு ஊரெல்லாம் சொல்றார். இவரும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. தட்டுல சோத்தைப் போட்டா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். நான் யார் பக்கம் நிக்கறது சார்?"

சர்வேயர் குடையை எடுத்தார்.

காவல் நிலையத்துக்குப் பின்னால், பூட்டிய தகரக் கொட்டகையில் கார் கிடந்தது. பின்பாதி அப்பளமாக நொறுங்கியிருக்க, முன்பாதி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் முழுசாக இருந்தது. வீட்டார் யாராவது வந்து பார்த்தார்களா என்று சர்வேயர் கேட்டார். மலையிலிருந்து நேரே இங்கே வந்த வண்டி, பார்க்க வந்ததில் நீங்கள்தான் முதல் ஆள் என்றார் காவல்காரர்.

அவசரம் டார்ச்சோடு அடியில் புகுந்தார். "அத்தான், அடி நட்டு ஆயில்ல குளிச்சிருக்கு! அந்த மெக்கானிக் ஆள்தான். கதை முடிஞ்சுது!"

"ஈரமா இருக்கற இடமெல்லாம் ஒழுகற இடம் இல்லப்பா. ஆயில் கீழ்நோக்கித்தானே வரும்? இதுக்கு மேல எங்க ஈரம்னு பாரு. அதுக்கும் மேல பாரு."

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்த நட்டு அசையக்கூட இல்லை; அதன் வாஷரும் புதியது. ஈரம் பக்கவாட்டில் ஏறி, வெள்ளை நிற ஆயில் ஃபில்டரின் கழுத்தில் போய் நின்றது. அதற்கு மேல் உலர்ந்த தூசிதான். ஃபில்டரின் உடம்பெல்லாம் பெரிய இடுக்கி கடித்த தழும்பு. சர்வேயர் அதைக் கழற்றினார். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஃபில்டரோடு வந்தது ஒன்று, இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று. ஒன்று பிதுங்கி வெளியே வந்திருந்தது.

"பழைய வளையத்தை எடுக்காமலே புது ஃபில்டரைப் போட்டிருக்கான்," என்றார் அவசரம். இந்த முறை குரலில் உற்சாகம் இல்லை. "முதல்ல தாங்கும். இஞ்சின் திணறி ஏறும்போது பிதுங்கிடும். ஐயோ பாவம், அந்தப் பொண்ணு கிட்ட எப்படிச் சொல்றது?"

சர்வேயர் இஞ்சினில் ஒட்டியிருந்த வளையத்தை விரலால் மடித்தார். அது மெத்தென்று வளைந்தது. பிறகு கஷ்டப்பட்டு டிக்கியை நெம்பித் திறந்தார். கழற்றிய சாமானை வண்டிக்காரர் கண்ணில் படும்படி டிக்கியில் போட்டுவைப்பது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். அங்கே ஒரு ஃபில்டர் அட்டைப்பெட்டி நசுங்கிக் கிடந்தது. உள்ளே பழைய ஃபில்டர், அதன் வாயில் வளையம் பத்திரமாக இருந்தது. தொட்டதும் ஓடுபோல் உடைந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தக் குடும்பத்தை ஒண்ணா உக்கார வைக்கணும்," என்றார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒரு காலத்தில் லாரி ஓட்டிய மனிதரான அப்பா நாற்காலியில். மருமகன் கதவோரம், செருப்பைக் கழற்றவும் தயங்கி நின்றார். தன் விருப்பப்படி மகள் கட்டிக்கொண்ட அந்த ஆளை அப்பா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சர்வேயர் மூன்று வளையங்களையும் மேஜைமேல் வைத்தார்.

"உங்க மருமகன் கழற்றின பழைய ஃபில்டர், வளையத்தோடதான் வந்திருக்கு. அதனால இஞ்சின்ல ஒட்டியிருந்தது பழசு இல்ல. தொட்டுப் பாருங்க, புதுசு. உங்க மருமகன் போட்ட புது ஃபில்டரை அப்புறம் யாரோ கழற்றி, வேற ஒண்ணைப் போட்டிருக்காங்க. இடுக்கி வச்சு முறுக்கியிருக்காங்க." மருமகனைப் பார்த்தார். "நீங்க என்ன நிறம் போட்டீங்க தம்பி?"

"கறுப்பு," என்றார் மருமகன் மெல்ல. "கையாலதான் முறுக்குவேன்."

சர்வேயர் பெரியவரிடம் திரும்பினார். "வண்டியை நாங்க பார்க்கற வரைக்கும் யாரும் தொடல. ஃபில்டர் கல்லு மாதிரி இறுக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே முறுக்கினேன்!" அப்பாவின் குரல் வீறாப்பாகவே வந்தது. "இவன் போட்டதை நம்பி என் புள்ளைய மலையேத்தச் சொல்றீங்களா? எனக்குத் தெரிஞ்ச கடையில நல்லதா வாங்கி நானே மாத்தினேன். பயலுக்குக்கூடச் சொல்லல. அதுக்கென்ன இப்போ?"

பெரியவர் மேஜைமேல் இருந்த மெத்தென்ற வளையத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். பரண்மேல் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. கறுப்பு ஃபில்டரோடு திரும்பி வந்தார். புதுசாயிற்றே என்று எறிய மனம் வராமல் எடுத்து வைத்திருந்தார் போலும். அதன் வாயைத் திருப்பினார். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகன் ஓடிவந்து தாங்கினார். இத்தனை நாளும் சோற்றைக்கூடத் தொடாமல் கல்லாக இருந்தவர், இப்போது விசும்பி அழுதபடி சொன்னார்: "சூட்டுல அப்படித்தான் ஒட்டிக்கும் மாமா. கண்ணுக்கே தெரியாது. யார் போட்டிருந்தாலும் இதான் ஆகியிருக்கும்."

அது உண்மையில்லை, கழற்றும்போதே வளையம் வந்துவிட்டதா என்று பார்த்திருக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

சர்வேயர் குடையை விரித்துக்கொண்டு இறங்கியபோது, அந்தப் பெண் பின்னாலேயே மழையில் வந்தாள்.

"என் வீட்டுக்காரர் இல்லன்னு சொன்னா போதும்னுதானே சார் உங்களத் தேடி வந்தேன்," என்றாள். "யாருன்னு நான் கேக்கவே இல்லையே."