யாரு வண்டிங்க இது?

காரின் முன்பக்க நம்பர் பிளேட்டில் ‘1’ என்று எழுதியிருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நேற்றுவரை அந்தப் பிளேட் வெறும் வெள்ளை. எண்ணின் தலையில் ஒரு கொக்கி, அடியில் வலப்பக்கமாக ஒரு சின்ன வால். அந்த ஊரில் அப்படி ஒன்று போடுகிறவர் ஒரே ஆள்தான், பெயிண்டர். குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

ஊர் வண்டிகளுக்கெல்லாம் நம்பர் எழுதிப் பிழைக்கிற மனிதர், ஆசைப்பட்டு வாங்கிய பழைய காருக்கு மட்டும் நம்பர் கிடையாது. விற்றவன் காகிதம் எதுவும் தரவில்லை, இவரும் கேட்டு உயிரை வாங்கவில்லை. பதிவு பண்ணாத வண்டி தெருவில் நின்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தவர் இடத்தில் நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? எதிர்வீட்டு அக்கா ஊருக்குப் போயிருந்த வாரம் பார்த்து, அந்த வீட்டு வாசலுக்குப் போகிற சந்தில் பின்பக்கமாக விட்டுச் செருகிவிட்டார். ரெண்டே நாளைக்குத்தான் என்று தனக்குத்தானே சத்தியமும் செய்துகொண்டார். அவர் சத்தியத்துக்கும் அவர் கடை பெயிண்ட்டுக்கும் ஒரே ஆயுசு, முதல் மழை வரைக்கும்.

அக்கா திரும்பி வந்ததும் கேட்டார். “தம்பி, இது யாரு வண்டின்னு தெரியுமா?”

“தெரியலையேக்கா. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ.”

வெயிலில் வெளுத்துப்போகுமே என்று தன்னுடைய பூப்போட்ட போர்வை ஒன்றை எடுத்து வந்து காரின்மேல் போர்த்திவிட்டார் அக்கா. அன்றிலிருந்து சுவரோடு சுவராக உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க மூச்சிரைக்கத்தான் தன் வீட்டுக்குப் போய்வந்தார்.

“ஊருக்கெல்லாம் எழுதுற கை. வாய் மட்டும் ஏன் இப்படிக் கூசுது? நம்ம வண்டின்னு சொல்லிடுங்க” என்றாள் பெயிண்டரின் மனைவி.

“ஞாயித்துக்கிழமை எடுத்துடறேன்டி.”

ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ்தான் வந்தது. மத்தியானம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம். அக்காவுக்கு மூச்சுத்திணறல், ஸ்ட்ரெச்சரோ சந்துக்குள் நுழையவே இல்லை. டிரைவர் பானெட்டைத் தட்டித் தட்டிக் கத்தினார். “யாரு வண்டிங்க இது? கொஞ்சம் எடுங்க!” நம்பர் இருந்திருந்தால் யாராவது சொந்தக்காரரைப் பிடித்திருப்பார்கள். பெயிண்டர் தன் வீட்டு மாடி ஜன்னலில், திரைக்குப் பின்னால், சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றார். இறங்கிப் போனால் வண்டி போகும், மானம் போகும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அவர் யோசித்து முடிப்பதற்குள் நாலு பேர் காரின்மேலேயே ஏறி அக்காவைத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவின் கண் திறந்திருந்தது. அது ஜன்னலைத்தான் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். பத்து நிமிஷம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று டாக்டர்கள் கேட்டார்களாம்.

மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள். “அவங்க பொண்ணு வெள்ளிக்கிழமை வர்றா. அவகிட்ட நடந்ததைச் சொல்லிட்டு எனக்கு போன் பண்ணுங்க. இல்லேன்னா பண்ணாதீங்க.”

அதற்கப்புறம்தான் அந்த ‘1’. புதன்கிழமை தின்னர் போட்டுத் துடைத்தார். வியாழக்கிழமை அது திரும்பவும் இருந்தது, பக்கத்தில் ஒரு ‘7’ வேறு. தொட்டார். விரலில் கறுப்பு ஒட்டியது. நிமிர்ந்தார். சந்தின் கோடியில், அக்காவின் கதவில், அதே கொக்கியும் அதே வாலுமாக 17. போன வருஷம் அக்கா கேட்டு அவரே எழுதிக் கொடுத்த கதவு எண்.

ஊர் எல்லையில் யாருடையதோ ஒரு காலி மனை இருப்பது ஞாபகம் வந்தது. பொண்ணு வருவதற்குள் வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால்? சொல்ல வேண்டிய அவசியமே இருக்காதே. ரெண்டே நாளைக்குத்தான்.

இருட்டத் தொடங்கியதும் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். போர்வையின் முன்பக்கத்தைக் கூரைமேல் சுருட்டிவிட்டார். ஒரு சாண் திறந்த கதவு வழியே வயிற்றை எக்கி, கட்டம்போட்ட சட்டையில் பொத்தான் ஒன்று தெறிக்க, உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார். வண்டிக்குள் பழைய ரெக்சின் வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும்தான் இருக்க வேண்டும். இருந்தது தைல வாசனை, அக்கா மார்பில் தேய்த்துக்கொள்கிற தைலம், அப்போதுதான் தேய்த்த மாதிரி கண்ணைக் கரிக்கிற அளவுக்கு. சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினார். ‘டிக்.’

அந்த ‘டிக்’குக்கு நடுவில் ஒரு சத்தம். இழுத்து இழுத்து. சீழ்க்கை மாதிரி. தன் மூச்சுதான் என்று நினைத்தார்.

மூச்சை அடக்கிப் பார்த்தார்.

சத்தம் நிற்கவில்லை.

பின்சீட்டிலிருந்து.

கண்ணாடிகளில் ஆவி படர்ந்தது. பின்னாலிருந்து முன்னுக்கு, மெதுவாக. கதவைத் தள்ளினார். சுவர் இடித்தது. ஒரு சாண் இருந்த இடத்தில் இப்போது ஒரு விரல்கூட நுழையாது. அந்தப் பக்கக் கதவு. அங்கேயும் சுவர். கூரைமேலிருந்து போர்வை தானாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடத் தொடங்கியது. ஒவ்வொரு பூவாக.

“தம்பி.” காதுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கியபடி. “இது யாரு வண்டின்னு தெரியுமா?”

“என் வண்டி!” பெயிண்டர் அலறினார். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். “என் வண்டிதாங்க! யாராவது வாங்க! என் வண்டி!”

போர்வைக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு கோடு அளவுக்கு வெளி தெரிந்தது. அதற்கு நேர் எதிரே அவர் வீடு. பூட்டிய வீடு.

மாடி ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியிருந்தது. அதன் பின்னால் ஒரு ஆள். அதே கட்டம்போட்ட சட்டை. பொத்தான் ஒன்று இல்லை. கையில் சாவி.

அந்த ஆள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, சத்தம் வராமல், திரையை இழுத்து மூடினார்.