மேலடுக்கு எப்போது திறக்கும்?

நிலவுக் குடியிருப்பில் பல் விளக்கியதும் சுவரைப் பார்த்து ஒரு தடவை இருமிவிட வேண்டும். நுரையீரல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சுவர் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் காபி குடிப்பார்கள். அன்று காலை கலிவரதனின் மனைவி அரசி இருமினாள். “கால் பங்கு” என்றது சுவர். அவள் பாட்டுக்குக் காபியை ஆற்றினாள். கலிவரதனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

எல்லாம் குடியிருப்பை மூடியிருந்த அந்தப் பாழாய்ப்போன கூரையால் வந்த வினை. அதன் உட்பூச்சு பன்னிரண்டு வருடமாகக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்து எல்லார் மூச்சிலும் போயிருந்தது. கூரை போட்ட நிறுவனம் வருடா வருடம் வேறு வேறு கம்பெனிகளில் இரண்டு காப்பீடு எடுத்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் பணம் கொடுக்க வேண்டியது கீழடுக்கு. அது தீர்ந்த பிறகு கொடுப்பது மேலடுக்கு. சரி, அரசியின் நுரையீரலைக் கெடுத்தது எந்த வருடத்துத் தூசு? அது யாருக்குத் தெரியும்! கீழடுக்குக்காரர்கள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். புது நுரையீரலோ தொட்டியில் வளர்ந்து தயாராக இருந்தது. இந்த வாரம் பொருத்தாவிட்டால் வீணாகிவிடும்.

கலிவரதன் நேரே காப்பீட்டு மன்றத்துக்கு ஓடினான். வெளியே பெரிய வரிசை, எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வழக்கைத் தீர்க்கும் இயந்திரம், ‘தீர்வி’ என்று பெயர். ஐந்தாம் வருடத்துக் கீழடுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்தே முழுக்கத் தீர்ந்துவிட்டது, அந்த வருடத்து மேலடுக்கையாவது திறந்துவிடு என்று மன்றாடினான். பன்னிரண்டு வருடத்துக் கீழடுக்கும் தீர்ந்தால்தான் மேலடுக்கு என்று தீர்வி பொறுமையாகச் சொன்னது. ஒப்பந்தத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டான். எங்கேயும் இல்லையாம். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் மக்களின் வழக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது சட்டமாம்.

“எந்த மக்கள்? எந்த வழக்கம்?”

“உங்க அம்மாவை யார் சார் பாத்துக்கறாங்க?”

“விழுப்புரத்துல அண்ணன் பாத்துக்கறாரு. அவருக்கு முடியலைன்னா நான் இருக்கேன்.”

“அவருக்கு முடியலைன்னு யார் முடிவு பண்றது?”

கலிவரதனுக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குப் போன வருடமே முதுகு போய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டே இவன் தெரியாதவன் போல இருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தீர்வியின் முன்னாலேயே அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் அம்மா தன் பொறுப்பு என்றான். குரல் பூமிக்குப் போய்த் திரும்பும் அந்த இரண்டு மூன்று நொடி அவனுக்குத் தாங்கவில்லை.

“அது கெடக்கட்டும்டா வரதா. அரசிக்கு எப்படி இருக்கு? பணம்தான் தடையா? இருக்கற நெலத்தை வித்து அனுப்பறேன். யாருக்கு எவ்வளவுன்னு அப்புறம் பேசிக்கலாம்.”

கலிவரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதாவது புரிந்ததா என்பது போலத் தீர்வியைப் பார்த்தான்.

“புரிஞ்சுது சார். இதுலயும் உங்க அண்ணன்தான், அதாவது கீழடுக்குதான் முந்திக்கிட்டுக் குடுக்குது” என்றது தீர்வி. “அம்மா இனிமே உங்க பொறுப்புன்னு நீங்க சொன்னதையும் குறிச்சுக்கிட்டேன். ஆனா ஒரு ஆள் செஞ்சா அது வழக்கம் ஆகாது. வெளிய நிக்கறவங்கள்ல பாதிப் பேர் அப்படித் தானா முன்னால வந்தவங்கன்னு காட்டுங்க. எல்லாருக்கும் மேலடுக்கைத் தொறந்துடறேன்.”

கலிவரதன் வெளியே பாய்ந்தான். இவ்வளவுதானே என்று நினைத்தான். வரிசையில் முதலில் நின்றவரின் கையைப் பிடித்து, உங்கள் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டான்.

அவர் இருமி முடித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: “அக்கா வீட்டுல சௌக்கியமா இருக்காங்க சார். அக்காவுக்கு முடியலைன்னா நான் இருக்கேன்.”

கலிவரதன் அடுத்தவரிடம் போனான்.