வீட்டைப் பார்த்துப் படுத்த குட்டி

ஸ்வெட்டரை முகர்ந்த மறுநொடி மூன்று குட்டிகளும் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தன.

ரூபி இதை எதிர்பார்க்கவில்லை. ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி எடுக்கத்தான் செம்மநத்தத்திலிருந்து காலை பஸ்ஸில் வாழவந்திக்கு வந்து, நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கும் சுகுணாவின் வீட்டு வாசலில் குந்தியிருந்தாள். பட்டியில் கிடந்த சாக்கு ஒன்று, வீட்டு ஆள் உடுத்திய துணி ஒன்று, இரண்டையும் துவைக்காமல் கொண்டு வரச் சொல்லி சுகுணா போனிலேயே சொல்லியிருந்தாள். நாளைக்குக் கூடவே இருக்கப்போகும் வாடையை எந்தக் குட்டி எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். சாக்கை விரித்தபோது நான்கு குட்டிகளும் அதன்மேல் புரண்டு விளையாடின. ஒன்று அதிலேயே தூங்கப் பார்த்தது. அப்புறம்தான் ரூபி தன் கணவன் லாசரின் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டாள்.

மூன்று குட்டிகள் வயிறு தரையில் உரசப் பின்வாங்கித் தாயின் காலடியில் ஒடுங்கின. தாய் நாய் குரைக்கவில்லை. அதன் பிடரி மயிர் மட்டும் மெல்ல எழுந்து நின்றது.

நான்காவது, மார்பில் வெள்ளை விழுந்த பெட்டைக்குட்டி, ஓடவில்லை. உடம்பெல்லாம் நடுங்க, சாக்குக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வந்து நின்றுகொண்டு, அரிசிமணி போன்ற பற்களைக் காட்டியது.

"யாருதுங்க்கா அது?"

"எங்கூட்டுக்காரரோடது கண்ணு."

"செத்தது எதாச்சும் மேல பட்டுதுங்களா?"

"இல்லியே. நேத்து வரைக்கும் போட்டுட்டு இருந்தாரு."

சுகுணா ஒரு குச்சியால் ஸ்வெட்டரைத் தூக்கிப் பைக்குள் தள்ளினாள். பிறகு வெகுநேரம் அந்தப் பெட்டைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எகிறிக் குதிக்கிறதும் வேண்டாம், ஓடி ஒளியறதும் வேண்டாமுங்க. நின்னு பாக்கறதத்தான் எடுக்கோணும். இதயே கொண்டு போங்க." குட்டியைக் கூடையில் வைத்து ரூபியின் கையில் கொடுத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பட்டியிலயே உடுங்க்கா. ஊட்டுக்குள்ள கூட்டாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் கூடையோடு, ரூபி காணாமல் போன ஆடுகளையே நினைத்துக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்தில் மூன்று ஆடுகள் போய்விட்டன. முதலில் கருப்பி. அது திரும்பி வராத அந்தச் சாயங்காலம் லாசர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரக் காட்டுச் சரிவுக்குள் தேடிப் போனான். விடியும் நேரத்தில் ஆடும் இல்லாமல், டார்ச்சும் இல்லாமல், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தான். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. அதற்கப்புறம் அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. கேட்டால், சாப்பிட்டாச்சு என்பான். சில நேரம் பின்வாசலில் நின்று பட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆடு போன கவலை என்று அவள் நினைத்தாள். அடுத்து வெள்ளைச்சி போனது, அப்புறம் கிடாய்க்குட்டி. செந்நாய் தூக்கியிருந்தால் ரத்தம் இருக்கும், இழுத்த தடம் இருக்கும். எதுவும் இல்லை. பட்டி வாசலை அடைக்கும் மூங்கில் படல், அவள் கட்டிய முடிச்சு கலையாமல் அப்படியே இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தபோது மணி நாலரைகூட ஆகவில்லை. ஆனாலும் மூடுபனி காப்பிச் செடிகளின் ஊடாக இறங்கி, வீட்டையும் பட்டியையும் தவிர மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தது. அழுகின காப்பித் தோலின் புளிச்ச வாடையும் ஈர மண் வாடையும் பனியோடு சேர்ந்து தொண்டையில் ஒட்டின, எங்கேயோ ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு நீர் சொட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வேறு சத்தமே இல்லை. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

அவள் பட்டிக்குள் போய்க் குட்டியை இறக்கி விட்டாள். மிச்சமிருந்த ஒன்பது ஆடுகளும் வந்து அதை முகர்ந்தன. குட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு படலருகே போய்ப் படுத்தது, வீட்டைப் பார்த்தபடி.

"அங்க என்ன இருக்குது சாமி? காடு இந்தப் பக்கம்."

அதைத் தூக்கிச் சரிவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அது எழுந்து, திரும்பி, மறுபடியும் வீட்டைப் பார்த்தே படுத்தது. இன்னொரு முறை திருப்பினாள். மறுபடியும் அப்படியே. அப்போதுதான் ஆடுகளைக் கவனித்தாள். ஒன்பதும் பட்டியின் கோடியில், காட்டுப் பக்கத்து மூங்கிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. அவையும் வீட்டைத்தான் பார்த்தன. இத்தனை நாளும் காலையில் வந்து பார்க்கும்போது அந்த மூலையில்தான் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தன. காட்டைக் கண்டு பயந்த ஆடுகள் ஏன் காட்டுப் பக்கமாகவே போய் நிற்கும்?

பின்வாசல் கதவு திறந்தது.

"அத வெளிய எடு, ரூபி."

லாசர் நின்றிருந்தான். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

"ஏனுங்க, இப்பத்தானே கொண்டாந்தேன். பழகட்டுமுங்க."

"அத வெளிய எடு, ரூபி."

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். முதல் முறை சொன்னதையே மறுபடியும் கேட்பது போல.

அவன் படியிறங்கினான். குட்டி எழுந்தது. அதன் தொண்டையிலிருந்து, அவ்வளவு சின்ன உடம்புக்குள் இருக்கவே முடியாத ஓர் உறுமல் வந்தது. அவன் நின்றான். ரூபியின் விரல்கள் அவளைக் கேட்காமலேயே படலை இழுத்து, உள்பக்கமாகக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டன.

குளிரில் ஆடுகளின் மூச்சு புகையாக வந்தது. குட்டியின் மூச்சும். அவளுடைய மூச்சும்.

அவன் வாயருகே ஒன்றும் இல்லை.

அவன் பட்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். மெதுவாக. குட்டியும் உள்ளே அவனோடு கூடவே நகர்ந்தது, அவனுக்கும் ஆடுகளுக்கும் நடுவிலேயே. சருகுகள் காலடியில் நொறுங்கின. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் அவன் பனிக்குள் மறைந்தான். சருகுச் சத்தம் நின்றது.

"ஏனுங்க?" என்று கூப்பிட்டாள்.

பனிக்குள்ளிருந்து ஓர் ஆடு கத்தியது.

கருப்பி. சந்தேகமே இல்லை. அது பிறந்த நாளிலிருந்து அவள் கேட்டு வந்த குரல். ரூபியின் கால் தானாக ஓரடி முன்னே போனது. உடனே அதே இடத்திலிருந்து வெள்ளைச்சி கத்தியது. அப்புறம் கிடாய்க்குட்டி, தாயைத் தேடும் மெல்லிய குரலில். மூன்றும் ஒரே இடத்திலிருந்து. ஒரே உயரத்திலிருந்து. ஓர் ஆள் நிற்கும் உயரத்திலிருந்து.

பனி கொஞ்சம் விலகியது.

அவன் படலுக்கு முன்னால் நின்றிருந்தான். வாய் திறந்திருந்தது. மார்பு வரைக்கும் தாடை இறங்கியிருந்தது. உதடு அசையவில்லை. நாக்கும் அசையவில்லை. கிடாய்க்குட்டியின் குரல் அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்து, மெல்லத் தேய்ந்து, நின்றது.

குட்டி பின்வாங்கவில்லை.

பிறகு அந்த வாய்க்குள்ளிருந்து, இன்னும் ஆழத்திலிருந்து, லாசரின் குரல் வந்தது. அவளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த லாசரின் குரல், மூச்சிரைக்க, பயத்தில் உடைந்து:

"புள்ள... ரூபீ... எந்தப் பக்கம் இருக்கறே? நொம்ப இருட்டா இருக்குது புள்ள... இங்க ஆடெல்லாம் எம்பக்கத்துலதான் நிக்குது..."