சாமிக்கு இடப்பக்கம்

"சாயங்காலம் சிமெண்டு லாரி வந்துரும். அதுக்குள்ள மடையைக் காட்டுங்க. இல்லேன்னா குளத்துக்குத் தளம் போட்டுருவேன்!" சவால் விட்டுவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார்.

திருநெடுங்கரைக் கோயில் குளம் காய்ந்து கிடந்தது. மரகதம் கடப்பாரையோடு இறங்கினாள். பின்னால் அவள் கொழுந்தன் சேந்தனும், கிணறு தோண்டும் யாக்கோபும். ஆற்றுத் தண்ணீரை நிலத்தடிக் கால்வாய் வழியே கொண்டுவந்த அந்தக் காலத்து மடை எங்கோ மண்மூடிப் போயிருந்தது. குளம் வற்றியதும் தெருக் கிணறுகளும் வற்றின. குடம் சுமந்தே மரகதத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தளம் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் லாரித் தண்ணீர்தான்!

குளத்தைப் பார்த்த சன்னதி. 'இடப்பக்கத்து யானையின் அடியில் மடை' என்றது அதன் கல்வெட்டு. குளத்திலிருந்து அதற்கு ஏறும் படியின் இருபுறமும் கல்யானைகள். மூவரும் சன்னதியைக் கும்பிட்டு நின்று, இடப்பக்கம் தோண்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வெறும் மண்!

"முடியல அண்ணி" என்று சேந்தன் சரிந்தான்.

"கையெல்லாம் கொப்பளிச்சுப் போச்சுக்கா" என்றான் யாக்கோபு.

மரகதத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை. படியேறி, பூட்டிய சன்னதிக் கதவில் சாய்ந்து பொத்தென்று உட்கார்ந்தாள். மறுகணமே பதறினாள்.

"ஐயையோ, சாமிக்கு முதுகைக் காட்டிட்டேனே!"

எழப்போனவள் அப்படியே நின்றாள். எதிரே குளம். இப்போது அவளுக்கு இடப்பக்கம் இருந்தது மற்ற யானை!

"தம்பி! சாமிக்கு இடப்பக்கம்னு சொல்லிருக்காங்க! நாம எதிர்ல நின்னே பாத்துட்டோம்!"

உயிரைப் பிடித்துக்கொண்டு மறுபடி தோண்டினார்கள். ணங்! பலகைக்கல்! நெம்பித் தள்ளியதும் இருட்டு வாய் திறந்தது. இடுப்பில் கயிறு கட்டி யாக்கோபு உள்ளே ஊர்ந்தான்.

"அக்கா, இங்க ஒரு அடைகல்! அந்தப் பக்கம் தண்ணி சத்தம் கேக்குது!"

"பாத்துப் பேத்தெடுடா! அசைஞ்சதும் குரல் குடு!"

சற்று நேரத்தில் அலறல். "இழுங்க! இழுங்க!"

இருவரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். சேற்றோடு யாக்கோபு வந்து விழுந்தான். அவன் மேலேயே ஆறு பாய்ந்தது!

லாரி வந்தபோது குளத்தில் முழங்கால் தண்ணீர். ஒப்பந்தக்காரர் பார்த்தார். "வண்டியைத் திருப்புப்பா" என்றார்.

மரகதம் பழையபடி கதவில் சாய்ந்து கிடந்தாள். சாவியோடு குருக்கள் வரவும், அடித்துப் பிடித்து எழுந்தாள்.

"இருங்கோ, இருங்கோ" என்றார் அவர். "சித்த நேரம் சாமியோட சேந்து நீங்களும் குளத்தைப் பாருங்கோ."