பதினைந்து சென்டிமீட்டர் பொய்

"இன்னும் எவ்வளவு நேரம் ஸ்வாவா?"

"அவசரம்னா வேற பட்டறைக்குப் போ."

"இந்த ஊர்ல வேற பட்டறை எங்க இருக்கு?"

"அப்ப வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி! என் கண்ணுல இல்லடா... முன் அச்சுல அடி!"

"புது ஸ்பிரிங்கு, புது ஷாக்கு... என் வண்டி ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி நிக்குது."

"பழகற வரைக்கும் மெதுவா ஓட்டு. நாளைக்கு மறுபடி கொண்டு வா. கொஞ்ச தூரம் ஓடினதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை பாக்கணும்."

"வராம எங்க போகப் போறேன்?"

"இங்வார்... நான் உன்கிட்ட ஒண்ணு..."

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பெரிய போல்ட்டை எடு."

முந்தின நாள் பட்டறையில் நடந்த இந்தப் பேச்சைத்தான் சனிக்கிழமை காலையிலிருந்து ஸ்வாவா மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக் கொண்டிருந்தாள்.

இங்வார் கொடுத்த போல்ட்டை வாங்கினாள். துளையில் செருகினாள். நட்டைப் போட்டாள்.

அப்புறம்...?

டார்க் ரென்ச்சைப் பிடித்து இறுக்கினாளா? சரியான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடுமே... அந்த 'டிக்' கேட்டதா?

ஞாபகம் இல்லை!

காலையில் வந்த போன் அப்படி. கூப்பிட்டது ரன்வெய்க். எகில்ஸ்டாதிர் ஊரின் போலீஸ்காரி.

"ஸ்வாவா... உக்காந்துக்கோ."

"நான் எதுக்குடி உக்காரணும்? என்ன ஆச்சு?"

"இங்வார் வண்டி ஹெய்தி மலை மேட்டுல கவிழ்ந்து கிடக்குது. உருண்டிருக்கு."

"இங்வார்...?"

"உயிர் இருக்கு. பேச்சு இல்ல. அவனோட மீட்புக் குழுப் பசங்களே அவனைத் தூக்கிட்டு வந்தாங்க. ஹெலிகாப்டர் அக்குரேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு."

ஸ்வாவா உட்கார்ந்து விட்டாள். நாற்காலியில் அல்ல. தரையில்!

"ஸ்வாவா, இருக்கியா?"

"இருக்கேன்... சொல்லு."

"முன் அச்சைப் பக்கவாட்டுல பிடிச்சிருக்குமே ஒரு கம்பி... அது அவிழ்ந்து தொங்குது. போல்ட்டையே காணோம். நேத்து அதை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"நான் வர்றேன். எங்கயும் போகாதே!"

ரன்வெய்க் வந்தபோது ஸ்வாவா பட்டறைக்குள் நடந்து கொண்டிருந்தாள். கதவிலிருந்து மேஜைக்கு. மேஜையிலிருந்து கதவுக்கு. காபியை ஊற்றினாள். குடிக்காமல் வைத்தாள். மறுபடி ஊற்றினாள்.

"கோப்பை வழியுதுடி!" என்றாள் ரன்வெய்க்.

"வழியட்டும்! ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன் நடக்குது. வேற எதுவும் சொல்லல."

"நான் போகணும்."

"முடியாது. நேத்து நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில என் பக்கத்துல உக்காந்து சிரிச்சவ நீ. இன்னைக்கு உன்னையே விசாரிக்க வேண்டியிருக்கு. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? சொல்லு. அந்த போல்ட்டை இறுக்கினியா, இல்லையா?"

"இறுக்கியிருப்பேன்..."

"இருப்பேனா?"

"நடுவுல பேசிட்டிருந்தோம். நான் ஒண்ணு சொல்ல வந்தேன்... கவனம் சிதறிடுச்சோன்னு பயமா இருக்கு ரன்வெய்க்! என் கையால அவன்..."

 ஐந்து வருடமாக ஒரே ஒரு கேள்வியை நெஞ்சில் வைத்துக் கொண்டு திரிகிறாள். அதைக் கேட்க வாய் திறந்த நேரத்தில்தான் அவனைக் கொல்லப் பார்த்தாளா?

பட்டறைக் கதவு படாரென்று திறந்தது!

உள்ளே வந்தவன் உல்ஃபார். இங்வாரின் அண்ணன். கண்கள் சிவந்திருந்தன. பூட்ஸிலிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

"இவளை இன்னும் கூட்டிட்டுப் போகலையா?"

"உல்ஃபார், நான் பேசிட்டு இருக்கேன். நீ வெளியில இரு" என்றாள் ரன்வெய்க்.

"என்ன பேச்சு? என் தம்பி செத்துக்கிட்டு இருக்கான்! ஒரு போல்ட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியாதவளுக்குப் பட்டறை எதுக்கு?"

 அதையேதான் ஸ்வாவாவும் தன்னைக் கேட்டுக் கொண்டிருந்தாள்.

"வேற யாராவது வண்டியைத் தொட்டிருக்கலாம் இல்லையா?" ரன்வெய்க் விடாமல் கேட்டாள்.

"யாரு தொடுவா? நேத்து சாயங்காலம் இங்கேயிருந்து நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். ஆட்டுக்கறி சூப் சாப்பிட்டான், தூங்கினான். காலையில ஹெய்திக்குக் கிளம்பினான். அவ்வளவுதான்."

"வண்டி?"

"பனி கொட்டுச்சே, வெளிய விட முடியுமா? என் கராஜுக்குள்ள விட்டுப் பூட்டினேன். சாவி விடியற வரைக்கும் என் பாக்கெட்ல. ஒரு ஈ எறும்புகூட அந்த வண்டியைத் தொடல. அப்ப தப்பு யாரு மேல? இவ மேல!"

ரன்வெய்க் பெருமூச்சு விட்டாள். தோழியின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்வாவா... கோட்டை எடுத்துக்கோ."

ஸ்வாவா கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள். இன்னொரு கையை நுழைக்கும் முன் நின்று விட்டாள்.

"உல்ஃபார்... வண்டியை கராஜுக்குள்ள யாரு விட்டது?"

"நான்தான்."

"உங்க அப்பா கட்டின அந்தப் பழைய கராஜா?"

"எனக்கு என்ன பத்து கராஜா இருக்கு? பின்பக்கமா எடுத்து உள்ள விட்டேன். எப்பவும் அப்படித்தான். பனி பெய்யற ராத்திரி அவன் வந்தா வண்டி உள்ளதான் நிக்கும்."

"டயர்ல காத்து இறக்கினியா?"

"காத்தா? கராஜுக்குள்ள விடறதுக்கு எவனாவது காத்து இறக்குவானா? பைத்தியமாடி உனக்கு!"

ஸ்வாவா கோட்டைக் கழற்றி எறிந்தாள்!

"ரன்வெய்க், எழுதிக்கோ! காத்து இறக்கலையாம்!"

"எனக்கு ஒண்ணும் புரியலடி."

"நேத்து நான் அந்த வண்டிக்கு என்ன பண்ணினேன்?"

"தூக்கி வெச்ச."

"பதினஞ்சு சென்டிமீட்டர்! அது ஸ்பிரிங்குக்கு மட்டும். அதுக்கு மேல முப்பத்தெட்டு அங்குல டயர் வேற! பழைய வண்டியே அந்தக் கதவுல தலை குனிஞ்சுதான் போகும். இந்த வண்டி எப்படிப் போகும்?"



உல்ஃபாரின் முகம் வெளுத்தது; ரத்தமெல்லாம் இறங்கி விட்டது. கீழே, எங்கோ பூட்ஸுக்குள்!

"அது... ஆமா... காத்து இறக்கினேன். இப்பதான் ஞாபகம் வருது. முழுசா இறக்கித்தான் உள்ள விட்டேன்!"

"இப்பதானே பைத்தியமான்னு கேட்ட?" என்றாள் ரன்வெய்க்.

"பதட்டத்துல சொல்லிட்டேன்! என் தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான்..."

"சரி. போய்ப் பாத்துடலாம்."

ஸ்வாவாவின் சொந்த பிக்கப் பட்டறை வாசலில் நின்றது. இங்வார் வண்டியின் அதே மாடல். உயரத்தைக் கூட்டும் அதே கிட். அதே டயர். அதைப் பார்த்துத்தான் அவனுக்கே ஆசை வந்திருந்தது.

உல்ஃபாரின் வீட்டு வாசலில் ஸ்வாவா நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினாள். ஸ்ஸ்ஸ்... என்று வண்டி முழங்கால் மடித்து உட்கார்ந்தது. பிறகு ஏறி, ரிவர்ஸ் கியர் போட்டாள்.

ரன்வெய்க் பின்னால் நின்று கையைக் காட்டினாள்.

"வா... வா... இன்னும் வா..."

டமார்!

கூரையின் பின்விளிம்பு கதவின் மேல் சட்டத்தில் மோதி நின்றது. மரச்சிம்பு ஒன்று பனியில் விழுந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது.

ரன்வெய்க் மேலே பார்த்தாள். சட்டத்தில் அந்த ஒரு காயம் மட்டும்தான். புத்தம் புதியது. பழைய பெயின்டில் வேறு ஒரு கீறல்கூட இல்லை.

"காத்து முழுசா இறக்கியும் போகல உல்ஃபார். அப்ப ராத்திரி வண்டி எங்க நின்னுச்சு?"

உல்ஃபார் பனியில் கிடந்த மரச்சிம்பைக் காலால் ஒதுக்கினான்.

"வாசல்ல. பனியில. உன் ஜன்னலுக்கு நேரா. யாரும் தொடலைன்னு நீ ஏன் பொய் சொன்ன? பழி இவ ஒருத்தி மேலயே விழணும்னுதானே?"

"இதுல எனக்கு என்ன லாபம்?"

"உங்க ரெண்டு பேருக்கும் சொந்தமான பண்ணையை ஹோட்டல்காரங்களுக்கு விக்கணும்னு நீ குதிக்கிற. இங்வார் கையெழுத்துப் போட மாட்டேங்கறான். நான் இதைத் துப்பறிஞ்சு ஒண்ணும் கண்டுபிடிக்கல. ஊரே வெந்நீர்த் தொட்டியில உக்காந்து பேசுது!"

உல்ஃபாரின் தோள்கள் இறங்கின.

"சாகணும்னு நினைக்கல..."

"என்னது?"

"சாகணும்னு நினைக்கல! நட்டை மட்டும்தான் கழட்டினேன். மலை ஏறும்போது போல்ட் உருவிக்கும், வண்டி பள்ளத்துல இறங்கி நிக்கும், கால் கை உடையும்... அப்புறம் பண்ணை வேலை செய்ய முடியாது, தானா விக்கச் சம்மதிப்பான்னு..."

"இறுக்கமா இருந்துச்சா?"

கேட்டது ஸ்வாவா. வண்டியிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எது?"

"அந்த நட்டு! கழட்டறப்போ இறுக்கமா இருந்துச்சா, லூஸா இருந்துச்சா? சொல்லுடா!"

"ரொம்ப இறுக்கம்... ஸ்பானர்ல குழாயைச் சொருகி, மேல ஏறி நின்னு மிதிச்சேன். அப்பதான் அசைஞ்சுது."

ஸ்வாவா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக் கொண்டாள்.

அழுதாள். கொலைகாரனாக ஆகவிருந்த ஒருவன், தன் வாயாலேயே அவளுக்கு நற்சான்று கொடுத்து விட்டான்!

ரன்வெய்க் உல்ஃபாரைக் கார் பக்கம் தள்ளினாள். போன் அடித்தது. எடுத்தாள். கேட்டாள். திரும்பிக் கத்தினாள்.

"ஸ்வாவா! கண் முழிச்சுட்டானாம்!"

"பேசறானா?"

"பேசறானா? ஆஸ்பத்திரிக் கஞ்சி நல்லா இல்லைன்னு நர்ஸ்கிட்ட சண்டை போடறானாம்! டயருக்குக் காத்து அடிச்சுட்டுக் கிளம்புடி! வேகமாப் போனேன்னா நானே பிடிச்சுடுவேன்!"

அக்குரேரி வரை ஸ்வாவாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக் கொண்டே வந்தன. ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள். ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள். சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வழியில் நின்ற குதிரைகள்தான் கேட்டன.

இங்வாரின் வலது கால் மாவுக்கட்டில் உயரே தொங்கியது. தலையில் கட்டு. உல்ஃபார் விஷயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். கண் ஓரம் ஈரமாக இருந்தது. அவளைக் கண்டதும் துடைத்துக் கொண்டான்.

"பாத்தியா, உன்னைவிட இவங்க அதிகமாத் தூக்கிட்டாங்க" என்றான் காலைக் காட்டி.

"வலிக்குதா?"

"காலா, அண்ணனா?"

 அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக் கொண்டாள். கிரீஸ் படிந்த அவள் விரல்கள். அவன் விடுவித்துக் கொள்ளவில்லை.

"ஸ்வாவா, நீ மன்னிப்புக் கேக்கறதுக்காக வந்திருந்தா வேண்டாம். உன் வேலை மேல எனக்குச் சந்தேகமே வரல."

"மன்னிப்பா? நான் எதுக்குக் கேக்கணும்? நான் போட்ட நட்டைக் கழட்ட உங்க அண்ணன் ஏறி மிதிச்சிருக்கான்!"

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் ஓடி வந்த? மூச்சு வாங்குது பாரு."

"ஒண்ணு கேக்க."

"கேளு."

வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வெளியில உயரமா ஒரு பிக்கப் நிக்குதே, யாரோடது?" என்றாள் கோபமாக.

ஸ்வாவா திரும்பவே இல்லை. ஐந்து வருடம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"இங்வார்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா? சீக்கிரம் சொல்லுடா... ஆம்புலன்ஸ் நிக்கற இடத்துல வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கேன்!"