பச்சை நூல் பொத்தான்

ஒன்பதாவது தடவையாக டீச்சர் அந்த நினைவு அருங்காட்சியகத்தின் படியேறினாள். வாசல் காவலாளி இப்போதெல்லாம் அவளிடம் டிக்கெட் கேட்பதில்லை. வேலைக்கு வருகிறவளைப் பார்ப்பதுபோல் தலையாட்டி உள்ளே விட்டுவிடுகிறான்.

ஏழு வருஷத்துக்கு முன் நானூறு பேரோடு மூழ்கிய கப்பலுக்காக நாடே அழுது கட்டிய இடம் அது. உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறையும். ஜன்னல் கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் கடலிலிருந்து எடுத்த செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், நின்றுபோன கைக்கடிகாரங்கள். சுவர் முழுக்கப் பெயர்கள். அவள் தம்பியின் பெயர் மட்டும் இல்லை. கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய் ஏறியவன் என்பதால் பயணிகள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் கப்பலிலேயே இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒரு படி மேலே போய், எங்கேயோ ஓடிப்போய்க் குடும்பம் நடத்துகிறான் என்று கதை கட்டினார்கள்.

ஆனால் கடைசி அறையில், வரிசையாக நின்ற பதினோரு கண்ணாடிப் பெட்டிகளில் ஏழாவதில் அவன் சட்டை இருந்தது. கீழே, மற்றப் பெட்டிகளில் போலவே ‘அடையாளம் தெரியாதவர்’ என்று ஒரு சீட்டு. நீலச் சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் பச்சை நூலில் தைத்தது. அவன் கிளம்பிய அன்று காலை அவசரத்தில், ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலால் அவள்தான் தைத்தாள்.

“அசிங்கமா இருக்குக்கா” என்று முனகினான்.

“உன் பட்டனை யாருடா உத்துப் பாக்கப் போறாங்க?” என்றாள்.

இப்போது நாடே வரிசையில் நின்று பார்க்கிறது.

அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த காப்பாட்சியர் இந்தத் தடவை அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“பச்சை நூல் எல்லாக் கடையிலயும் கிடைக்குது டீச்சர். சட்டை வாங்குன பில் கொண்டாங்க, இல்ல அந்தப் பட்டன் தெரியற மாதிரி போட்டோ கொண்டாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“காலைல தச்சேன். சாயங்காலம் கப்பல் மூழ்கிடுச்சு. நடுவுல எங்க சார் போட்டோ எடுக்கறது?”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. இப்படி வந்தவங்க எல்லாரையும் திருப்பி அனுப்பியாச்சு. உங்க ஃபைலையும் இன்னிக்கு மூடறேன். இனிமே வராதீங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையைப் புரட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. புரட்டவில்லை. நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, அந்தக் கோபத்தையெல்லாம் தம்பிமேல் கொட்டினாள்.

“எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இனி நீயே சொல்லிக்கோடா.”

அறையில் வேறு யாருமில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது.

உப்பு வாடை அடித்தது.

பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். போகவில்லை.

பனி உள்பக்கம் இருந்தது.

அதற்குப் பின்னால் பொத்தான் திரும்பியது. மெதுவாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

காத்திருந்து காத்திருந்து எரிச்சல் வந்தால் தம்பி இப்படித்தான் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகுவான். அன்றைக்கு அது அறுந்து விழுந்ததும் அதனால்தான்.

“மூடற நேரமாச்சு” என்று பின்னால் குரல் கேட்டது. காப்பாட்சியர். அவரும் பார்த்துவிட்டார், முகம் வெளுத்திருந்தது.

“ஏசி காத்து” என்றார்.

காற்றுப் புகாதபடி ஒட்டிய பெட்டி அது.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?”

அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை. இரண்டாவது பொத்தான் பச்சை நூலில் இருந்தது. அவர் விரல்கள் அதை விடாமல் திருகிக்கொண்டிருந்தன.

“இது நாலாவது சட்டை” என்று கிசுகிசுத்தார். “போட்ட உடனே இப்படி ஆயிடுது. பிச்சு எறிஞ்சாலும் திரும்ப இருக்கு. கையும் நிக்க மாட்டேங்குது. நான் கையெழுத்துப் போட்டுட்டேன் டீச்சர். வாங்க.”

பெட்டியில் தம்பியின் பெயர் இருந்தது. சுவரில் புதிதாகச் செதுக்கிய எழுத்துகளில் இன்னும் கல்தூள் ஒட்டியிருந்தது. விரலால் தடவியதும் அவளுக்கு அழுகை வெடித்தது. வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் காப்பாட்சியரின் கை தானாகக் கீழே விழுந்தது. அவர் பொத்தானில் வெள்ளை நூல்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வாசலை நோக்கித் திரும்பினாள்.

“டீச்சர்...”

அவர் வலது கையை நீட்டினார். சட்டைக்கையின் ஓரம் மடித்து, சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அது நனைந்திருந்தது.

“இது... யார் தச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். மற்றப் பத்துப் பெட்டிகளிலும் உள்ளிருந்து பனி படர்ந்துகொண்டிருந்தது.

“எனக்கு எப்படி சார் தெரியும்? தச்சவங்க உங்ககிட்டதான் வந்திருப்பாங்க. நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்களே.”

அவருடைய வலது சட்டைக்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கையும் நனையத் தொடங்கியது.