மலையேற்றாத முனி

மழைக்குள் எங்கோ ரோதை ஓடிக்கொண்டிருந்தது.

கன்னையா பாயில் படுத்தபடியே காதைக் கொடுத்தார். விடிந்ததிலிருந்து மழை, பிற்பகலாகியும் விடவில்லை. ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில் அந்த உடம்புக்கு என்ன செய்வதென்று தெரியாது. இந்தப் பக்கம் புரளும், அந்தப் பக்கம் புரளும், எழுந்து வாசல்வரை போய் செருகி வைத்த வெட்டுக்கத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுக்கும். தகரக் கூரையில் கொட்டும் மழை, பீலிக் குழாயில் பாயும் மலைத்தண்ணீர், அடுத்த வீட்டுக் குழந்தையின் சிணுங்கல், அடுப்படியில் கரண்டி உரசும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், மண்ணுக்குள்ளிருந்து கிளம்புவதுபோல, கனத்த இரும்பு உருண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தயக்கம். பல் தேய்ந்த சக்கரம் ஓரிடத்தில் தடுக்கி, பிறகு மனமில்லாமல் மேலே போகும் தயக்கம்.

அந்தத் தயக்கம் அவருக்குப் பழக்கம். கத்தி பிடிக்க வருமுன் தோட்டத்து ரப்பர் ஆலையான ஸ்டோரில் வேலை செய்தவர் அவர். உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து, மறுபக்கம் கட்டக் கோடு விழுந்த மெல்லிய ஷீட்டாக வாங்குகிற வேலை. அந்த உருளைகளைத்தான் தோட்டத்தில் ரோதை என்பார்கள்.

ஆனால் ஸ்டோர் மூடி வருஷக்கணக்காகிறது. ரோதையைக் கழற்றி இரும்பு விலைக்கு விற்றபோது, லொறியில் ஏற்றக் கயிறு பிடித்தவர்களில் அவரும் ஒருவர். தார்ப்பாய் மூடி யட்டியாந்தோட்டைப் பக்கம் அது இறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்.

"ஜெயம்மா, ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"மழை கேக்குது," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "வேலையில்லாத மனுசன் பொலம்புறதும் கேக்குது. வேறென்ன கேக்கணும்?"

"இல்ல... ரோதை மாதிரி."

"ரோதையா? அது இந்நேரம் எந்த ஊருல எவன் வீட்டு கேட்டுல கம்பியா நிக்கிதோ. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அப்போது அடுத்த வீட்டிலிருந்து உடுக்குச் சத்தம் கிளம்பியது. அதன் மேல், போனில் பதிந்த கன்னையாவின் சொந்தக் குரல்.

*இறங்கி வா ராசாவே, இரும்பு மேல இருக்கிறவனே, இறங்கி வா...*

"ஏழாவது வாசல்! டேய், ஏழாவது வாசல் வந்துட்டேன்டா!" என்று யாரோ கத்த, சுவருக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது.

முதல் வாரம் இதைக் கேட்கக் கேட்கக் கன்னையாவுக்கு மார்பு விம்மியது. எல்லாம் மகள் சுதர்ஷினியின் வேலை. சிறு வயதில் அவள் விளையாடிய பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. லாந்தர் பிடித்த வீரன் ஒருவன் பாழடைந்த கோட்டைக்குள் வாசல் வாசலாகப் போவான். ஆறு வாசலைத் திறப்பான். ஏழாவது வாசல் முன்னால் நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று கடைசிவரை காட்டவே இல்லை. அடுத்த பாகம் வரும் வரும் என்று காத்திருந்து, வராமலே போய், கேகாலையில் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் அவளே அதற்கு இரண்டாம் பாகம் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளக்காரப் பூதம் நமக்கு எதுக்குப்பா? நம்ம சாமிங்க இல்லையா?" என்றாள்.

அவள் கற்பனையில் கோட்டை தோட்டமானது. வீரன் பால்வாளி தூக்கினான். பீலிக்கரையில் கன்னிமார், மண்சரிவில் மாடன், எல்லை மரத்தடியில் முனியாண்டி என்று வாசலுக்கொரு சாமி. ஏழாவது வாசல் ஸ்டோர். அதற்குள் ரோதை முனி.

ரோதை முனி மற்றச் சாமிகளைப் போலக் கோயிலில் இருப்பவர் அல்ல. இரும்பில் இருப்பவர். வருஷத்துக்கொரு கிடாய் வெட்டி ரோதைக்குப் பொட்டு வைத்தால், வேலை செய்கிறவன் கையைக் காப்பார். கொடுக்காத வருஷம் தானே எடுத்துக்கொள்வார். கன்னையாவுக்கு முன்னால் அங்கே நின்றவனுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது அப்படியொரு வருஷத்தில்தான். ஸ்டோரை மூடிய பிறகு கிடாயும் இல்லை, பொட்டும் இல்லை.

முனியை அழைக்கிற பாட்டு வேண்டுமென்று மகள் கேட்டாள். இருவரும் கம்பளியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, நடுவில் போனை வைத்து, அவர் உடுக்கடித்துப் பாடினார். ஆடுகிறவர் மேல் சாமி இறங்கும் இடம்வரை பாடியதும் அவள் போனை நிறுத்தினாள்.

"போதும்ப்பா."

"மலையேத்தணுமேம்மா. கூப்பிட்ட சாமிய சூடம் காட்டி, போயிட்டு வான்னு பாடி அனுப்பணும்."

"கேம்ல அவரு போகவே மாட்டாருப்பா. அவருதான் கடைசி வாசலே."

அடுப்படியில் இருந்த ஜெயம்மா எட்டிப் பார்த்தாள். "கூப்பிட்டுட்டு அப்பிடியே விடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

"போனுக்குள்ளதானடி கூப்பிட்டேன்," என்று சிரித்தபடி அவர் உடுக்கை ஆணியில் மாட்டிவிட்டார்.

முதல் ஆட்டமும் அவருடையதுதான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். திரையில் வந்ததை விரல் வைத்து மெல்ல வாசித்தார். *கிடாய் இல்லை. வாசல் திறக்க உன் வலது கையைக் கொடு.* கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து, படத்தில் ரோதை ஒரு சுற்று முடியும்வரை எடுக்காமல் பிடிக்க வேண்டும். அவர் பிடித்தார். ஜெயம்மாவின் கையையும் இழுத்து வைத்து, தானும் வைத்து மகள் கைதட்டினாள். பிறகு லயத்து வரிசையில் ஒவ்வொரு வீடாக எல்லோரும் விரல் வைத்தார்கள்.

இப்போது சுவருக்கு அப்பால் அவர் குரல் மறுபடி கூப்பிட்டது. *இறங்கி வா...* அது முடியும்போது, மண்ணுக்கடியில் அந்த இரும்பு சற்று வேகம் பிடித்தது.

கன்னையா போனை எடுத்தார். பஸ்லானைக் கூப்பிட்டார். பஸ்லான் மகளோடு படித்தவன். யட்டியாந்தோட்டை பஸாரில் போன் கடை வைத்திருக்கிறான். விளையாட்டை ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

"அங்கிள்! நீங்க இப்ப பெரிய ஆள். கேகாலை பஸ்ஸில ஏறினா ஒங்கட குரல்தான்."

"தம்பி, அந்தப் பாட்ட எடுத்துருப்பா."

"ஏன் அங்கிள்? காசு கேக்கப் போறீங்களா?"

"வெளாட்டு இல்லப்பா. எடுத்துரு."

"இனி எடுக்க ஏலாது அங்கிள். ஆள் மாறி ஆள் அனுப்பி அனுப்பி, எம்பிலிப்பிட்டியாவில இருக்கிற எங்கட மச்சான் நேத்து எனக்கே அனுப்புறான், இத வெளாடிப் பாருன்னு." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அங்கிள், எங்க நிக்கிறீங்க? வீட்டிலயா?"

"வீட்டுலதான்."

"அப்ப என்ன அது பின்னுக்கு? பெரிய மெஷின் ஏதோ ஓடுதே."

கன்னையா போனை வைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சுதா எங்க?"

"ஸ்டோருக்குப் போயிருக்கா." ஜெயம்மா கறியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "ரோதச் சத்தம் வேணுமாம் கேமுக்கு. இப்ப நல்லா கேக்குது, மழ விடுறதுக்குள்ள புடிச்சிட்டு வாறேன்னு..."

கரண்டி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஆணியிலிருந்த உடுக்கை எடுத்துச் சட்டைக்குள் சொருகினார். சாமிப் படத்தடியிலிருந்த சூடப் பொட்டலத்தையும் எடுத்தார். தீப்பெட்டியைப் பாலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்தார். வெளியே பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கிடையில் பாதை வெறும் சேறு. மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைநீர் நிரம்பி, பழைய பாலோடு கலந்து, வெள்ளையாய் வழிந்தது. காற்றில் ஒரு புளிப்பு வாடை. பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட்டின் வாடை. அதற்குப் பின்னால் ஷீட் காய்கிற புகை. எத்தனையோ வருஷமாக இந்தச் சரிவில் யாரும் புகை போடவில்லை. அட்டை காலில் ஏறியதை அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் உள்ளங்காலுக்குப் பக்கமாக வந்தது. ஒரு சுற்று. தயக்கம். ஒரு சுற்று.

ஸ்டோரின் கதவு திறந்திருந்தது.

உள்ளே, ரோதை இருந்த சீமெந்து மேடையில் நான்கு துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் நின்றன. அவற்றுக்கு மேலே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த இடத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

மேடைக்கு முன்னால் சுதர்ஷினி. முதுகைக் காட்டியபடி. அவளுடைய போன் தரையில் கிடந்து மேல்நோக்கி வெளிச்சம் அடித்தது.

அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

இடப்பக்கம் குனிந்தாள். எதையோ இரண்டு கையால் ஏந்தினாள். மார்பளவுக்குத் தூக்கி முன்னால் தள்ளினாள். குதிகாலை ஊன்றி ஒரு அடி பின்வாங்கினாள். அது அவருடைய நடை. அவருடைய உடம்பு செய்த வேலை. அவளுக்கு யாரும் காட்டிக்கொடுத்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் குறை. தள்ளியதும் வலது கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். அவள் இழுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"சுதா."

திரும்பவில்லை.

"அம்மாடி, நான்தான் அப்பா."

குனிந்தாள். ஏந்தினாள். தள்ளினாள்.

கன்னையா உடுக்கை எடுத்தார். ஈரத்தில் தோல் தளர்ந்து அதன் குரல் கட்டியிருந்தது. அடித்தார். அன்றைக்குப் பாடாமல் விட்ட பாட்டைப் பாடினார்.

*வந்த வழி பாத்துப் போ ராசாவே, மலைக்கு ஏறு, மனம் குளுந்து ஏறு...*

முதல் தீக்குச்சி நமுத்தது. இரண்டாவது பற்றியது. உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி நீட்டினார். கை பொரிந்தது. அசைக்கவில்லை.

அவள் திரும்பினாள். கண்ணில் கருவிழி மேலே ஏறியிருந்தது. குனிந்து அந்த நெருப்பை நாக்கில் வாங்கி வாயை மூடினாள்.

"போறேன்," என்றாள். குரல் இரும்பில் உரசி வந்தது. "குடுத்தத வாங்கிக்கிட்டுப் போறேன்."

அப்படியே சரிந்தாள். அவர் தாங்கிப் பிடித்தார். சத்தம் நின்றது. கூரை ஓட்டை வழியே மழைத்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"அப்பா?" அவளுடைய சொந்தக் குரல். "ஏம்ப்பா இப்பிடி நனஞ்சிருக்கீங்க? கொட எங்க?" வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். "கை மரத்துப் போச்சுப்பா."

அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்தித் தேய்த்தார். ஐந்து விரலும் இருந்தன. சூடு இருந்தது. வாய்விட்டு அழுதார். "வா, வீட்டுக்குப் போவோம். அம்மா கறி வச்சிருக்கா. வா."

கதவுவரை வந்தார்கள்.

கீழே லயத்துப் பக்கமிருந்து, மழைக்குள்ளிருந்து, மெலிதாக, அவருடைய குரல்.

*இறங்கி வா...*

அவருடைய பிடிக்குள் மகளின் கை விறைத்தது. பின்னால், மேடையில், இரும்பு ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஆஃப் பண்ணுங்கடா!" கத்தினார். மழை அதை வாங்கிக்கொண்டது. இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு குரல். அதுவும் அவருடையதுதான். பிறகு மேல் லயம். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். எல்லாம் ஒரே குரலில். *இறங்கி வா ராசாவே. இறங்கி வா.* பஸ்ஸில். பஸாரில். கேட்க முடியாத தூரத்திலெல்லாம் கூட.

மகள் கையை உருவிக்கொண்டு மேடைக்குத் திரும்பினாள்.

பொட்டலத்தைத் தடவினார். சூடம் தீர்ந்திருந்தது. உடுக்கை அடித்தார். தோல் கிழிந்தது. வெறுந்தொண்டையில் மலையேற்றப் பாட்டைப் பாடினார். அவர் ஒருமுறை போ என்றபோது கீழேயிருந்து அவரே நூறு முறை வா என்றார்.

பாதையில் வெளிச்சம் தெரிந்தது. சின்ன நீல வெளிச்சங்கள். ஒன்றன்பின் ஒன்றாக. மரங்களுக்கிடையில் ஏறி வந்தன.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்பதுபோல வரிசையாக வந்தார்கள். லயத்து ஆட்கள். யாரும் பேசவில்லை. யாரும் குடை பிடிக்கவில்லை. இடது கையில் போன். வலது கை முன்னால் நீட்டியபடி. ஜெயம்மாவும் வந்தாள். அவள் இடது கையில் கரண்டி இருந்தது. அதிலிருந்து குழம்பு சொட்டியது.

"ஜெயம்மா..."

அவள் அவரைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றாள்.

அவருடைய வலது கை கனத்தது. பிறகு கனமே இல்லாமல் போனது. தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினார். எழுந்தது. கால் வரிசைப் பக்கம் நகர்ந்தது.

மேடைக்கு முன்னால் சுதர்ஷினி குனிந்தாள். ஏந்தினாள். தள்ளினாள்.

இழுக்கவில்லை.

ரோதை ஒரு கணம் தயங்கியது. பிறகு சுற்றியது.

ஒன்றுமில்லாத அந்த இடத்தின் மறுபக்கத்தில், மெல்லிதாக, வெள்ளையாக, கட்டம் கட்டமாகக் கோடு விழுந்து, ஐந்து விரலோடு ஒன்று வழுக்கி வந்து மேடையில் மடிந்தது.

வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.